உள்ளே பார்த்து நின்ற காவல்

அந்தப் புதன்கிழமை பின்னேரம் வீட்டில் இருந்தவர்கள்:

சிங்கராசா. வீட்டுக்காரர். முழங்கால் நோவால் கடலுக்குப் போவதை விட்டவர். சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். நித்திரையா விழிப்பா என்று அவருக்கே நிச்சயமில்லை.

செலீனா. அவருடைய மனைவி. சட்டி பானை கழுவி முடித்து, நல்ல சேலை உடுத்தி, முகத்துக்குப் பவுடர் பூசி வந்திருந்தாள்.

சுவேதினி. மருமகள். குசினிப் படியில் கைபேசியோடு இருந்தாள்.

லக்சன். முருங்கனில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவன். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பழைய பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அலெக்ஸாண்டர். மகன், சுவேதினியின் கணவன். கட்டாரில் இருந்தான். ஆனாலும் அவனையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். மேசையில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசியில் அவன் முகம் இருந்தது.

இன்னும் ஒருவர் இருந்தார். அதை மற்றவர்கள் பிறகுதான் அறிந்தார்கள்.

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் மத்தியானம் கழிந்த நேரத்தில் ஊர் தரையில் நிற்பதில்லை. வெயில் மணலைத் தூக்கிப் பிடித்திருக்கும். ஒழுங்கையின் கடைசியில் நிற்கும் கழுதைகளுக்குக் கால் தெரியாது. முதுகுகள் மட்டும் பனைகளுக்கு இடையில், தண்ணீரில் மிதப்பதுபோல நகரும். கடல் ஒருமுறை கேட்கும். பிறகு நெடுநேரம் கேட்காது. கருவாட்டு வாசம் காற்றோடு வந்து யன்னல் சீலையை உயர்த்தி, உள்ளே பார்த்துவிட்டுப் போகும். நித்திரை கொள்ளாதவர்களும் அந்த நேரத்தில் பாதி நித்திரையில்தான் நடமாடுவார்கள்.

அந்த வீட்டில் முழுதாக விழித்திருந்தது அலுமாரிக்கு மேலிருந்த கமரா மட்டும்தான்.

சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து, கடலுக்கு அக்கரையில் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய குடும்பம் அது. வந்தபோது காணியில் பற்றையும் உடைந்த கிணற்றுக் கட்டும்தான் மிச்சம். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறிய வீட்டை, மகன் கட்டாருக்குப் போய் உழைத்துப் பெருப்பித்தான். போன வருடம் லீவில் வந்தபோது வைஃபை எடுத்தான். மறுநாளே அந்தக் கமராவையும் வாங்கி வந்து, ஹோலில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். தேங்காயளவு வெள்ளை உருண்டை. நடுவில் ஒரு கறுப்புக் கண். தலையை இடமும் வலமும் திருப்பும்.

“வீட்டுக்குக் காவல்,” என்றான்.

காவல் என்றால் முன்வாசலைப் பார்த்து வைத்திருக்கலாம். அவன் வைத்தது உள்ளே பார்த்து. குசினிக்குப் போகும் வழி, அறை வாசல், மேசை, மனைவி நடமாடும் தரை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவேதினிக்குக் கேட்காமலே விளங்கியது.

அலெக்ஸாண்டர் கெட்டவன் அல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஆறு பேர் படுக்கும் அறையில் மேல் கட்டிலில் படுப்பவன். பகல் முழுக்கக் கட்டடங்களின் உச்சியில் குளிரூட்டிக் குழாய் பொருத்துபவன். இரவில் வீட்டின் ஹோலைக் கைபேசியில் ஒருமுறை பார்த்தால்தான் அவனுக்குக் கண் சொருகும். பக்கத்துக் கட்டில்காரனின் மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து ஒருமுறை பார்ப்பது போதாமல் போனது. மனைவியின் கைபேசிக்கு ரீலோட் போடுவதை நிறுத்தினான். “வீட்டில வைஃபை இருக்கெல்லோ,” என்றான். பயத்துக்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் உலகத்தில் அதிகம். அவனும் ஒருவன்.

செலீனாவுக்கு அந்தக் கமராவைப் பிடித்திருந்தது. தினமும் வேலை முடித்து, முகம் கழுவிப் பவுடர் பூசி, அதற்கு எதிரில் கதிரையைப் போட்டு இருப்பாள். கொஞ்ச நேரத்தில் அது மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்க்கும். மகன் வந்துவிட்டான் என்று அவள் முகம் மலரும்.

“மகன், இண்டைக்கு விளைமீன். உனக்குப் பிடிச்ச மாதிரிப் புளி கூட விட்டனான்,” என்று சட்டியைத் தூக்கிக் காட்டுவாள். கால் வீக்கத்தைக் காட்டுவாள். அவனுடைய அப்பாவின் குறட்டையை நடித்துக் காட்டுவாள். கண் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். பதில் வராது. வேலை இடத்தில் பேச முடியாது, பார்க்கத்தான் முடியும் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

இரவில் அவன் கைபேசியில் எடுத்து, “என்ன கறி அம்மா?” என்று கேட்பான். காட்டினேன்தானே என்று அவளுக்கு நாக்கு வரை வரும். களைப்பில் மறந்திருப்பான் என்று எண்ணி, விளைமீன் கதையை முதலிலிருந்து சொல்வாள்.

இப்போது புதிய பிரச்சினை, டேட்டா. மாதத்தின் பாதியிலேயே வைஃபை செத்துப் போகிறது. இவ்வளவையும் யார் குடிப்பது என்று அலெக்ஸாண்டர் யோசித்தான். அவனுடைய யோசனை வேறெங்கும் போகவில்லை, நேராக மனைவியிடம் போய் நின்றது. முருங்கன் லக்சனைப் பிடித்தான். ஃபயர்வோல் போட வேண்டும் என்றான். வேலையிடத்தில் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, அதைத் தெரிவு செய்வதற்காகவே அன்று அறையில் நின்றான்.

“நெருப்புச் சுவரோ?” சிங்கராசா கண்ணைத் திறக்காமலே கேட்டார். “நல்ல காலம், இப்ப ஓலைக் கூரை இல்லை.”

“இது சுடாது ஐயா,” என்றான் லக்சன். “மறிக்கிறது மட்டும்தான்.”

“முருங்கன் ஆக்களுக்கு வாய்க்கால் மறிக்கத்தான் தெரியும் எண்டு நினைச்சன்.”

“வாய்க்கால் மறிக்கிறது இதை விடக் கஷ்டம் ஐயா. பக்கத்து வயல்காரன் மண்வெட்டியோட வந்திடுவான்.”

லக்சன் தன் மடிக்கணினியை விரித்தான். வாயாடி. எதையும் விற்கத் தெரிந்தவன். கைபேசியிலிருந்த முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“அண்ணை, ரெண்டு விதம் இருக்கு. ரெண்டும் லினக்ஸ், ரெண்டுக்கும் காசில்லை. ஒண்டு ஓப்பன்டபிள்யூஆர்டி. சின்னது. நல்ல ரவுட்டர் ஒண்டுக்குள்ளயே ஏத்தலாம். வெளியில இருந்து வாறதை மறிச்சுப்போட்டுத் தன்ர பாட்டில கிடக்கும். மற்றது ஐபிஃபயர். அதுக்குத்தான் இந்தப் பெட்டி. வெளியுலகத்துக்குச் சிவப்பு, வீட்டுக்குப் பச்சை, வைஃபைக்கு நீலம் எண்டு நிறம் நிறமாப் பிரிச்சு வைக்கும்.”

“சேர்ச் திருநாளுக்குக் கொடி கட்டின மாதிரி,” என்றார் சிங்கராசா.

“எழுதுமோ?” அலெக்ஸாண்டர் கேட்டான். “ஆர் எங்க போகினம் எண்டு?”

“எழுதச் சொன்னா எழுதும் அண்ணை. ஆற்ற ஃபோன் எத்தினை மணிக்கு எந்தத் தளத்துக்குப் போனது எண்டு வரும். முருங்கனில ஒரு மாஸ்டர் வீட்டுக்கும் போட்டுக் குடுத்தனான். அவற்ற மகள் இப்ப அவரோட கதைக்கிறேல்ல, அது வேற கதை.” அவனே சிரித்தான். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. “நேரம் வைச்சும் பூட்டலாம். இரவில மட்டும் வைபர் கோல் வேலை செய்யோணும் எண்டா இரவில மட்டும்தான் வேலை செய்யும். பகலில கட்.”

“அப்பிடிச் செய். இரவில நான் எடுக்கிற நேரம் மட்டும் திறந்தாக் காணும். பகலில அவளுக்கு என்ன கதை?”

குசினிப் படியில் சுவேதினியின் விரல்கள் கைபேசியை இறுக்கின.

பகலில் அவளுக்கு ஒரு கதை இருந்தது. ஒரே ஒரு கதை, கிழமையில் ஒரே ஒரு முறை. புதன்கிழமை பின்னேரம் றாபியா அக்கா வைபரில் எடுப்பார்.

சுவேதினி பெருநிலத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். சண்டை துரத்தத் துரத்தக் குடும்பத்தோடு கிழக்கே நடந்து, கடைசி மணல்வெளி வரை போய், தங்கச்சி இல்லாமல் திரும்பியவள். அங்கே பதுங்குகுழிக்குள் என்ன நடந்தது என்பதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. கலியாணத்துக்குப் பிறகு முதல் கரு கலைந்தபோது மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், “பிள்ளை நித்திரை கொள்ளுறேல்ல போல இருக்கு. ஆரோடயாவது கதைக்கோணும்,” என்று உளவளத்துணைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அதைக் கேட்ட அலெக்ஸாண்டர், “உனக்கென்ன பைத்தியமா?” என்றான். அதோடு அந்தப் பேச்சு வீட்டில் முடிந்தது.

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் அவள் றாபியாவைச் சந்தித்திருந்தாள். மன்னார் உப்புக்குளத்தைச் சேர்ந்தவர். முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது குழந்தை வயதில் ஊரோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, உளவளத்துணையாளராக வேலை செய்பவர். “வரேலாட்டி நான் எடுக்கிறன் தங்கச்சி,” என்றார். எடுத்தார். குசினியின் கடைசி மூலையில், கமராவின் கண் எட்டாத இடத்தில், வைஃபை ஒற்றைக் கோடாகத் தேய்ந்து கிடக்கும் இடத்தில் இருந்து சுவேதினி பேசினாள். முதல் மாதங்களில் மழையைப் பற்றியும் கறியைப் பற்றியும் மட்டும். போன புதன்தான் பதுங்குகுழியின் வாசல்வரை வந்தாள். பாதி சொன்னாள். “மிச்சத்தை வாற கிழமை சொல்லுங்கோ. அவசரமில்லை. நான் இருக்கிறன்,” என்றார் றாபியா.

அந்த வாற கிழமை இன்றுதான். சொல்லாமல் விட்ட பாதி ஏழு நாளாக அவளுடைய தொண்டையில் நின்றது. இன்று வழி அடைபட்டால் அது திரும்ப உள்ளே இறங்கிவிடும், இனி ஏறாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“போடுறதுக்கு முதல், ஆர் இவ்வளவையும் குடிக்கிறது எண்டு பாப்பம்,” என்று லக்சன் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தான். எண்கள் ஓடின. வெளியே கழுதை ஒன்று கத்தி, சத்தம் வெயிலில் கரைந்து போனது.

“ஃபோன்கள் இல்லை அண்ணை. அக்காவின்ர ஃபோன் ஒரு சொட்டுத்தான் குடிக்குது.” அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். “கமராதான். தொடர்ந்து வெளியில அனுப்பிக்கொண்டே இருக்கு. இதில ஒரு வழியும் திறந்து கிடக்கு.”

“அது நான்தான் திறந்தனான். இங்க இருந்து பாக்கிறதுக்கு. யூரியூப்பில பாத்துச் செய்தனான்.”

“கமராவின்ர பாஸ்வேர்ட் மாத்தினீங்களோ?”

“இல்லை. அதோட வந்ததுதான்.”

“சரி. அப்ப நீங்கள் பாக்கிறதுதான் டேட்டாவைத் தின்னுது. பகல் முழுக்கப் பாத்தா என்னெண்டு காணும்?”

“பகலிலயோ? பகலில எனக்கு டியூட்டி. ஃபோனை லொக்கரில வைச்சிட்டுத்தான் ஏறுறது. இரவில மட்டும்தான் பாக்கிறனான்.”

செலீனா சிரித்தாள். மகன் விளையாடுகிறான் என்று நினைத்தாள்.

“பொய் சொல்லாத மகன். மத்தியானம் ஒவ்வொரு நாளும் நீ வாறனீதானே. நான் இருந்த உடன தலையைத் திருப்பிப் பாப்பாய். நேற்றும் வந்தனீ. றாத்தல் பாண் அளவில கணவாய் காட்டினன்.”

“நான் வரேல்ல அம்மா.”

“வந்தனீ மகன்.”

“அம்மா, நான் பகலில ஒருநாளும் பாத்ததில்லை.”

அப்போதுதான் அது நடந்தது. ஒருவரும் தொடாமல், ஒரு சின்னப் பூச்சியின் இரைச்சலோடு, அலுமாரிக்கு மேலிருந்த வெள்ளை உருண்டை திரும்பியது. செலீனாவைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மெல்ல, கனவில் தலைகள் திரும்புவதுபோல அவசரமில்லாமல், லக்சனிடம் வந்தது. அவன் முகத்தில் நின்றது. மடிக்கணினிக்கு இறங்கியது. மறுபடி மேலே ஏறியது.

“அண்ணை,” லக்சனின் குரல் மாறியிருந்தது. “இப்ப நீங்களோ?”

கைபேசித் திரையில் அலெக்ஸாண்டர் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். பத்து விரலும் வெறுமையாக இருந்தன. ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டவன் நிற்பதுபோல அவன் நின்றான்.

உருண்டை இப்போது குசினிப் பக்கம் திரும்பியது. சுவேதினியைத் தேடியது. கண்டது. நின்றது.

சிங்கராசா வாழ்க்கையில் மிக வேகமாக எழும்பியது அன்றுதான். தோளில் கிடந்த துவாயை எடுத்து, வலை வீசுகிறவரைப்போல வீசினார். அது கமராவை மூடி விழுந்தது. துவாய்க்குள் தலை இன்னும் ஒருமுறை திரும்பும் அசைவு தெரிந்தது.

“ஆரடா அவன்?” என்றார். யாரைக் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

“சொல்லேலாது ஐயா. உலகத்தில எந்த மூலையில இருந்தும் வரலாம். திறந்த வழி, மாத்தாத பாஸ்வேர்ட். தேடிக்கொண்டே திரியிறவங்கள் இருக்கிறாங்கள்.”

யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த மாதிரிக் கண்களுக்கு முகம் கிடையாது.

செலீனா கதிரையில் அப்படியே இருந்தாள். எத்தனை மத்தியானங்கள்? எவ்வளவு சொன்னாள்? மார்பில் வந்த கட்டியைப் பற்றி ஒருநாள் சொல்லியிருந்தாள். புருஷனுக்கும் சொல்லாததை. அழுதும் இருந்தாள். அந்தக் கண் அழுகையையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது, எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று அவள் அன்றிரவு செபமாலை சொல்லி நன்றி செலுத்தியிருந்தாள். இப்போது சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள். பவுடர் முழுவதும் போகும்வரை துடைத்தாள்.

கட்டாரிலிருந்து குரல் வெடித்தது.

“தம்பி, அந்தப் பெரிய பெட்டியையே போடு! எல்லாத்தையும் எழுதட்டும். உள்ள வாறவன், வெளிய போறவள், எல்லாம். பகலில வைபர் வேண்டாம். ஒருத்தரும் உள்ள வரேலாமச் செய். எனக்கு மட்டும் பாக்கிறதுக்கு ஒரு வழி விடு.”

“செய்யலாம் அண்ணை,” என்றான் லக்சன். வியாபாரி திரும்பி வந்துவிட்டான். “உங்களுக்கு மட்டும் சாவி வைச்சு வழி விடலாம். வேற ஒருத்தனும் வரேலாது. வடிவாப் பூட்டலாம்.”

“அப்பப் பூட்டு.”

“பூட்டுங்கோ,” என்றாள் சுவேதினி. “ஆனா நான் ஒண்டு சொல்லோணும்.”

அவள் குசினிப் படியிலிருந்து எழும்பி ஹோலின் நடுவுக்கு வந்திருந்தாள். கமராவுக்கு முன்னால் அவள் நின்றதை அந்த வீடு கண்டதில்லை. சுவரோரமாகத்தான் நடப்பாள்.

“ஒரு வருஷமா உந்தக் கண்ணுக்குப் பயந்து நடந்தனான். தலை சீவி இழுக்கேக்க பயம். தண்ணி குடிக்கப் போகேக்க பயம். ஏன் போறாள் எண்டு நினைப்பினமோ எண்டு. அது நீங்கள் எண்டு நினைச்சுத்தான் பயந்தனான். இப்ப ஆரோ ஒருத்தன் எண்டு தெரியுது.” அவள் குரல் உயரவில்லை. “எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியேல்ல.”

“என்ன கதை கதைக்கிறாய்? நான் உன்ர புருஷன்!”

“ஓம். அதாலதான் உங்களுக்குச் சொல்லுறன். அவனுக்குச் சொல்ல ஏலாதே.”

லக்சன் தன் மடிக்கணினியின் விளிம்பைத் துடைக்கத் தொடங்கினான். அங்கே தூசி எதுவும் இல்லை.

“டேய்,” சிங்கராசா மகனைக் கூப்பிட்டார். கதிரையில் திரும்ப இருந்திருந்தார். மூச்சு வாங்கியது. “நீ அப்ப பிறக்கேல்ல. ஒழுங்கை முடக்கில ஆமிக்காரர் சென்றி போட்டவங்கள். உங்களுக்குக் காவல் எண்டுதான் சொன்னவங்கள். மண்மூட்டை அடுக்கி, துவக்கு வைச்சு. நான் வலையோட போகேக்க வரேக்க பாப்பன். காவல் எண்டாத் துவக்கு வெளியில பாத்தெல்லோ நிக்கோணும். அது எங்கட வீடுகளைப் பாத்துத்தான் நிண்டது. அதுக்குப் பயந்துதான் வள்ளம் ஏறினனாங்கள்.” முழங்காலைத் தடவினார். “நீ உந்தச் சாமானைக் கொண்டு வந்து வைக்கேக்க எனக்கு அது நினைவு வந்தது. வந்தும் நான் வாயைத் திறக்கேல்ல. காசு அனுப்பிற பிள்ளை எண்டு.”

“நானும் ஆமிக்காரனும் ஒண்டோ அப்பா?”

“இல்லை. நீ எங்கட பிள்ளை. அதுதான் கூட நோகுது.”

சத்தம் முழுதும் வடிந்த குரலில் அலெக்ஸாண்டர் சொன்னான்:

“பாக்காட்டி எனக்கு நித்திரை வராது அம்மா.”

செலீனா தலையை நிமிர்த்தினாள். பவுடர் இல்லாத முகம் வயதானதாகவும் தெளிவாகவும் இருந்தது.

“வராட்டி எடு மகன். எத்தினை மணியெண்டாலும் எடு. என்ன செய்யிறாய் எண்டு கேள். சொல்லுறதைச் சொல்லுவாள். சொல்லாதது அவளின்ர. ஒளிச்சிருந்து பாக்கிறது அன்பில்லை மகன். நான் இவ்வளவு நாளும் ஒருத்தனுக்குக் கறி காட்டினன். அவன் கண் வைச்சுக்கொண்டேதான் இருந்தான். ஒருநாளாவது சாப்பிட்டியா எண்டு கேட்டவனோ? பாக்கிறவனுக்கு எங்களைத் தெரியாது. கேக்கிறவனுக்குத்தான் தெரியும்.” லக்சனிடம் திரும்பினாள். “தம்பி, வெளியில இருந்து வாறதை மறிக்கிறது எதெண்டு சொன்னீர்?”

“சின்னது அன்ரி. உண்மையைச் சொன்னா, ரெண்டிலயும் மறிக்கலாம், ரெண்டிலயும் எழுதலாம். எதைச் செய்யச் சொல்லுறது எண்டது ஆக்களின்ர கையிலதான்.”

“அப்ப சின்னது காணும். வீட்டுக்குக் காவல் வேணும். வீட்டு ஆக்களுக்குக் காவல் வேண்டாம். காவல் நிக்கிறது வெளியில பாத்து நிக்கட்டும்.”

எல்லோரும் கைபேசியைப் பார்த்தார்கள். அங்கே ஒரு மனிதன், இரும்புக் கட்டிலின் விளிம்பில், தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்தக் கணத்தில் நல்லவனாக மாறிவிட்டான் என்று சொல்ல முடியாது. மனிதர்கள் அப்படி மாறுவதில்லை. தாய் மத்தியானங்களில் யாருக்குச் சட்டியைக் காட்டினாள் என்பது மட்டும் அவனுக்கு விளங்கியது. அந்த யாரோ உள்ளே வந்தது தான் திறந்த வழியால் என்பதும் விளங்கியது.

“லக்சன்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“சின்னதையே போடு. நான் திறந்த வழியை அடைச்சு விடு. எழுதுறது ஒண்டும் வேண்டாம். நேரப் பூட்டும் வேண்டாம்.” அவன் நிறுத்தினான். “கமராவைக் கழட்டு.”

“அப்ப இந்தப் பெட்டி?”

“திருப்பிக் கொண்டு போ.”

“கொண்டு வந்த எண்ணெய் போச்சு,” என்று முணுமுணுத்தான் லக்சன். ஆனால் உடனே எழும்பி, துவாயோடு சேர்த்துக் கமராவை இறக்கி, வயரைப் பிடுங்கினான். உள்ளே எரிந்த சின்ன நீல வெளிச்சம் அணைந்தது. “அன்ரி, லைனைக் கழட்டப் போறன். பொழுதுபடும்வரைக்கும் வைஃபை இருக்காது.”

“சுவே…” என்று கைபேசியிலிருந்து அலெக்ஸாண்டர் கூப்பிட்டான். அதற்கு மேல் அவன் என்ன சொல்ல வந்தான் என்பது வரவில்லை. லைன் போனது. பாதி திறந்த வாயோடு முகம் ஒருகணம் திரையில் உறைந்து நின்றது. பிறகு திரை கறுத்தது.

வீடு திடீரென்று மிகப் பெரிதாகிவிட்டதுபோல இருந்தது. கடல் மறுபடி கேட்டது. சுவேதினி ஹோலின் நடுவில் நின்று, ஒரு கையால் மற்றக் கையைத் தடவிக்கொண்டாள். தன் கைகள்தானா என்று பார்ப்பவளைப்போல.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. லைன் இல்லை. றாபியா அக்கா எடுப்பார். மணி அடிக்காது. இன்றைக்குத் தொண்டைவரை வந்து நிற்பது நாளைக்கு இருக்காது.

அறைக்குள் போனாள். வரும்போது சட்டை மாற்றியிருந்தாள். கையில் குடை இருந்தது.

“மாமி, நான் மன்னாருக்குப் போட்டு வாறன். ரோட்டுக்கு நடந்தாத் தலைமன்னாரால வாற பஸ்ஸைப் பிடிக்கலாம்.”

ஆரிட்டப் போறாய் என்ற சொல் செலீனாவின் வாய் முழுக்க வந்து நின்றது. அரை நூற்றாண்டாகப் பெண் பிள்ளைகளைப் பார்த்து இந்தக் கரையில் எல்லோரும் கேட்கும் சொல் அது. அவள் அதை விழுங்கினாள். விழுங்குவது சுலபமாக இருக்கவில்லை.

“ரீலோட் போடக் காசு இருக்கோ?” என்று மட்டும் கேட்டாள்.

“கிடக்கு மாமி.”

“பிந்தினா ஒரு மிஸ்கோல் தா. மாமா ரோட்டடிக்கு வந்து நிப்பார்.”

“முழங்கால்?” என்றார் சிங்கராசா.

“முழங்காலும் வரும்.”

சுவேதினி சிரித்தாள். அந்த வீட்டில் அவளுடைய பல்லை அவர்கள் கண்டு கனகாலம். வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னாள்:

“வந்து சொல்லுறன் மாமி. எல்லாம் இல்லை. கொஞ்சம்.”

“சொல்லோணும் எண்டில்லை பிள்ளை. நீ சொன்னாக் கேப்பம். சொல்லாட்டி விசாரிக்க மாட்டம்.”

சுவேதினி படியிறங்கினாள். மணலில் குடை விரிந்தது. வெயிலில் அவளுடைய கால்கள் முதலில் கரைந்தன, பிறகு பாவாடை விளிம்பு. குடை மட்டும் பனைகளுக்கு இடையில், ஒருவரும் இழுக்காத வள்ளம்போல, மிதந்து தள்ளிப் போனது.

செலீனா அதைக் கடைசிவரை பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. முகத்தை உள்ளே திருப்பிக்கொண்டு, கதவைச் சாத்தக் கை வைத்தாள். வெளியே யார் யார் கண் வைத்திருக்கிறார்களோ என்ற கூச்சம் இன்னும் தோலில் ஒட்டியிருந்தது.

“அன்ரி, என்னையும் சேத்துப் பூட்டப் போறீங்களோ?” மேசைக்குக் கீழிருந்து லக்சன் கேட்டான்.

“வேலை முடியத் திறந்து விடுவன் தம்பி. அவள் வந்தாலும் திறப்பன்,” என்றாள் செலீனா. பட்டப்பகலில், அந்த வீட்டின் முன்கதவைச் சாத்தி, திறப்பைப் போட்டு, இரண்டு முறை திருப்பிப் பூட்டினாள்.